குளத்துக்குள் கிடந்த தாங்கி

2011இல் கிளிநொச்சியில், உடைந்துபோன சிறு குளங்களைத் திருத்தும் ஒரு திட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். சனங்கள் மீளக் குடியேறத் தொடங்கி ஒன்றரை வருடம் இருக்கும். பெரும்பாலும் தறப்பாள் கொட்டில்கள், நடுநடுவே தகரக் கூரைகள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பொறியியலாளர்கள் குளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவார்கள். அதை நான் தமிழாக்கி அந்தந்தக் கிராமத்துக் கமக்காரர் அமைப்புக்குக் கொடுக்க வேண்டும்.

சேர்ந்த சில மாதங்களில், துணுக்காய்ப் பக்கத்துச் சிறு குளம் ஒன்றின் அறிக்கை மேசைக்கு வந்தது. நான்கு பக்கம். ‘டாங்க்’ என்ற சொல் முப்பது தடவைக்கு மேல் வந்திருந்தது. எல்லாம் குளம்தான். இலங்கையில் ஆங்கிலம் எழுதுகிறவர்கள் குளத்தை டாங்க் என்றுதான் எழுதுவார்கள், அது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி வித்தியாசமாக இருந்தது. டாங்கின் உள்ளே, தெற்குக் கரையோரம் ஒரு டாங்க் கிடக்கிறது, மண் அள்ளத் தொடங்க முன் அதை அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதலாவதைக் குளம் என்று எழுதினேன். இரண்டாவதை யுத்த தாங்கி என்று எழுதினேன். நின்று யோசிக்கவே இல்லை. போர் முடிந்து இரண்டு வருடமான மண்ணில், குளத்துக்குள் கிடக்கும் டாங்க் வேறென்னவாக இருக்கும்?

அது பழைய பவுசர் லொறி ஒன்றின் டீசல் தாங்கி. பாதி சேற்றில் புதைந்து, பற்றை மூடிக் கிடந்தது. கரையில் நின்று பார்த்தால் துருப்பிடித்த இரும்பு முதுகு மட்டும்தான் தெரியும். அதுவரை ஊர் ஆக்கள் அதை ஒரு பழைய இரும்பு என்றுதான் நினைத்திருந்தார்கள். என் தமிழ்ப் பிரதி போனதும் அது யுத்த தாங்கியாகிவிட்டது. தாங்கி கிடந்தால் சுற்றிலும் வெடிபொருளும் கிடக்கும் என்று அவர்கள் பயந்தது முழுக்க நியாயம். மாடுகளைத் தண்ணீருக்கு விடவில்லை. பெண்கள் குளிக்கப் போகவில்லை. ஒப்பந்தக்காரரின் வேலையாட்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். வெடிபொருள் இல்லை என்று கடிதம் வாங்கி வர ஐந்து கிழமை போனது. அதற்குள் ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசை ஒருவாறு திருத்தினார்கள், தூர் அள்ள முடியவில்லை. மாரிகால நெல்லான காலபோகம் மழையோடு விளைந்தது. குளத்து நீரை நம்பிக் கோடையில் விதைக்கும் அடுத்த சிறுபோகத்துக்குப் போதிய தண்ணீர் நிற்கவில்லை.

அமைப்பின் தலைவர், எழுபதை நெருங்கிய ஐயா ஒருவர், பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என் முன்னால் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு, “பிள்ளை, நீ ஒருக்கா வந்து பாத்திட்டு எழுதியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். இன்றைக்கும் ஒரு ஆவணத்தைத் திறக்கும்போது அந்தக் குரல் கேட்கும்.

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லை நான் விடவே இல்லை. எங்கே கண்டாலும் நின்று பார்க்கத் தொடங்கினேன்.

வன்னியில் தண்ணீர் நிற்கும் இடங்களுக்கு எத்தனை பெயர் என்பதை ஊர்ப் பெயர்களே சொல்லிவிடும். கனகராயன்குளம், வவுனிக்குளம், பாண்டியன்குளம் என்று குளங்கள். இரணைமடு, கல்மடு, விசுவமடு என்று மடுக்கள். நெடுங்கேணியில் கேணி, அம்பலவன்பொக்கணையில் பொக்கணை, தண்ணீரூற்றில் ஊற்று, முத்தையன்கட்டிலும் உடையார்கட்டிலும் கட்டு. மடு என்றால் தண்ணீர் தானாகத் தங்கும் ஆழமான பள்ளம். கேணி வெட்டி எடுத்தது. கட்டு என்றால் ஆரோ மண்ணை அணைத்துத் தண்ணீரை மறித்திருக்கிறார்கள். பெயரைச் சொன்னாலே தண்ணீர் அங்கே எப்படி வந்து நின்றது என்பதில் பாதி விளங்கிவிடும். ஆங்கில வரைபடத்தில் இதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சொல்தான். வவுனிக்குளம் டாங்க் என்று எழுதியிருப்பார்கள். குளம் அங்கே இரண்டு தடவை வந்துவிடுகிறது, ஒன்று எங்கள் மொழியில், ஒன்று அவர்களுடையதில்.

குளத்தின் உறுப்புகளுக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் டாங்குக்குப் பின்னால் ஒரு சொல்லை ஒட்டினால் போதும். கமக்காரருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி உயிர். குளக்கட்டு, துருசு, வான், அலைகரை, நீரேந்து பகுதி. ‘குளம் வான் பாயுது’ என்று சொல்லும்போது அந்தச் சந்தோசத்தை நீங்கள் கேட்க வேண்டும். மேலதிக நீர் வெளியேறுகிறது என்று நான் எழுதியிருந்த பழைய மொழிபெயர்ப்புகளை இப்போது பார்த்தால் மனம் வருந்துகிறது. தகவல் சரிதான், குளம் நிரம்பியதன் மகிழ்ச்சி அதில் இல்லை.

டாங்க் ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லும் இல்லை. இந்தியாவுக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் குஜராத்தி, மராத்தி பேசும் கரையில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள் என்று அகராதிகள் சொல்கின்றன. போர்த்துக்கீசியரின் ‘டாங்கே’ என்ற சொல்லும் அதோடு சேர்ந்திருக்கலாம். நம்மவர்கள் சிலர் ‘தாங்கி’தான் டாங்க் ஆனது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒலி ஒத்துப்போவதைத் தவிர அதற்கு ஒரு சான்றையும் நான் காணவில்லை, அதனால் நான் அதைச் சொல்வதில்லை. ஆனால் எப்படிப் பார்த்தாலும், பிறந்தபோது அந்தச் சொல்லுக்குள் இருந்தது தண்ணீர்தான்.

பிறகு எப்படி அதற்குள் பீரங்கி வந்தது? முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் இரும்புக் கவசமும் சங்கிலிச் சக்கரமும் கொண்ட வண்டிகளை இரகசியமாகச் செய்தார்கள். லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கும், வழியில் பார்ப்பவர்களுக்கும் என்ன சொல்வது? நீர்த்தொட்டி செய்கிறோம் என்று சொல்லலாம் என்று முடிவானது. நீர்த்தேக்கம், கொள்கலம் என்று பொருள்படும் வேறு சொற்களையும் யோசித்து, கடைசியில் சின்னச் சொல்லாக இருக்கிறது என்று டாங்க் என்பதை எடுத்தார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சொம் போர்முனையில் அவை முதன்முதல் இறங்கின. மறைப்பதற்காக வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீரின் பெயரைச் சொல்லி ஒரு கொலைக் கருவியை ஒளித்தார்கள் என்பதை முதலில் வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் அந்த இரண்டு பொருளும் ஒரே மண்ணில் வந்து நின்றதை நாங்கள் பார்த்தோம். 2009 தை மாதம் கல்மடுக்குளத்தின் கட்டு உடைக்கப்பட்டு வெள்ளம் பாய்ந்தது. அதே மாதம் 2ஆம் திகதி இராணுவம் கைப்பற்றிய கிளிநொச்சி நகரில், பெரிய நீர்த்தாங்கி அடியோடு சரிந்து ஏ9 வீதியோரம் கிடந்தது. பிறகு பல வருடங்கள் அது அப்படியே கிடக்க, தெற்கிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸை நிறுத்தி அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். குளம், நீர்த்தாங்கி, யுத்த தாங்கி என்ற மூன்று டாங்குகளையும் ஒரே மாதத்தில் கண்டவர்கள் நாங்கள்.

இதை எனக்கு நன்றாக விளங்கவைத்தது ஒரு கூட்டம். 2012இல் விசுவமடுப் பக்கம், ஒரு மரநிழலில் நடந்தது. திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பேசினார். அலுவலகத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லி அவருக்கும் அந்த வாய்ப்பழக்கம் வந்துவிட்டது. “வாற மாசம் உங்கட டாங்குக்கு மெஷின் வருது” என்றார். முன்வரிசையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மா ஒருவர் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எந்தப் பக்கத்தால வருது?” என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. சத்தம் கேட்டால் முதலில் கேட்பது அதைத்தான். எந்தப் பக்கத்தால் என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியும்.

நான் எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்து, “அம்மா, குளத்தைத்தான் சொல்லுறார். குளக்கட்டு கட்டப் போகினம்” என்றேன். அவர் மூச்சு விட்டு, “அப்ப குளம் எண்டு சொல்லுங்கோவன்” என்றார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் சனங்களுக்கு முன்னால் டாங்க் என்று சொல்லக் கூடாது என்று ஒரு ஒழுங்கு வைத்தோம்.

சரி, தமிழில் ‘தாங்கி’ என்று எழுதினாலும் சிக்கல் முழுதாகத் தீராது. நீர்த்தாங்கியும் தாங்கி, எரிபொருள் கொண்டுவரும் வண்டியும் தாங்கி, யுத்த வண்டியும் தாங்கி. ஆனால் தாங்கி என்ற சொல்லுக்கு எங்களிடம் பழைய ஒரு வீடு இருக்கிறது. தெருவோரச் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காமல் போன பாரத்துக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க நாட்டும் கல். இடி தாங்குவது இடிதாங்கி. தாங்கி என்றால் பாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வது. அதனால் யுத்த தாங்கி என்று எழுத எனக்கு இப்போது கை வருவதில்லை. கவச வண்டி என்று எழுதுகிறேன். அது எதையும் தாங்க வந்ததில்லை.

மற்றத் துறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுகாதாரப் பகுதி அறிக்கையில் வந்தால் மலக்குழி. திருகோணமலையில் இருக்கும் 99 எண்ணெய் டாங்குகளைப் பத்திரிகைகள் குதம் என்று எழுதும், நல்ல சொல். ஆங்கிலத்தில் திங்க் டாங்க் எனப்படும், கொள்கை ஆய்வு செய்கிறவர்களின் கூட்டத்துக்குச் சிந்தனைக் குழாம் என்று பெயர் வைத்தாயிற்று. கையில்லாத பெனியன் போன்ற சட்டைக்கு டாங்க் டொப் என்று ஏன் பெயர் என்று மருமகள் கேட்டாள். தேடினேன். அமெரிக்காவில் ஒருகாலத்தில் நீச்சல் குளத்தை டாங்க் என்று சொல்லியிருக்கிறார்கள், அதில் குளிக்கப் போட்ட உடுப்பிலிருந்து வந்த பெயராம். சுற்றிச் சுற்றிக் குளத்துக்கே வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

கராஜில் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். டாங்க் என்றால் பெற்றோல் டாங்க். வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், சின்னப் போத்தலில் பத்திரமாக இருக்கும். 2022இல் நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, எங்கள் ஆக்கள் அந்தப் போத்தலைத்தான் நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் பற்றிக் கடும் வாக்குவாதம் நடந்த வருடங்களில் சில கூட்டங்களுக்கு மொழிபெயர்க்கப் போனேன். குடிநீர்ப் பக்கத்தவருக்கு டாங்க் என்றால் குடாநாட்டில் உயர்ந்து நிற்கப்போகும் நீர்த்தாங்கி. கமக்காரருக்கு அது குளம், அதாவது அடுத்த சிறுபோகம். இரண்டு பக்கமும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு ஒன்றையொன்று கேட்காமல் இருந்தார்கள். அளவும் வேறு. நீர்ப்பாசனக்காரர் ஏக்கர் அடியில் பேசுவார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், ஏறக்குறைய 12 இலட்சத்து 33 ஆயிரம் லீட்டர். நாங்கள் முகாமில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த ஆயிரம் லீட்டர்க் கறுப்புத் தாங்கிகள் 1,233 சேர்ந்தால்தான் அது வரும். அப்படிச் சொன்னபோதுதான் இரண்டு பக்கமும் கணக்கு விளங்கியது.

அங்கேதான் ‘இறந்த கொள்ளளவு’ என்ற சொல்லையும் கைவிட்டேன். துருசுக்குக் கீழே நிற்கும், வாய்க்காலுக்கு வராத தண்ணீரைப் பொறியியலில் அப்படித்தான் சொல்வார்கள். அதை அப்படியே தமிழில் வாசித்தபோது பின்னால் இருந்த ஒருவர், “அது எப்படிச் செத்த தண்ணி? கோடையில மாடு குடிக்கிறதும் மீன் நிக்கிறதும் அதுக்குள்ளதானே” என்றார். துருசுக்குக் கீழ் நிற்கும் நீர் என்று திருத்தினேன். இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன்.

துணுக்காய்ப் பக்கத்து அந்தக் குளத்தைத் திட்டத்தில் திரும்பச் சேர்க்க இரண்டு வருடம் அலைந்தேன். 2013இல் தூர் அள்ளினார்கள். கடைசியாகப் போனது போன வருடம். ஐயா இப்போது தலைவர் இல்லை, கண்ணும் மங்கிவிட்டது. ஆனாலும் குளக்கட்டில் எனக்கு முன்னால் நடந்தார். கட்டுக்குக் கீழே மருத மரத்தடியில் நீளமான இரும்புத் தொட்டி ஒன்று கிடந்தது. ஒரு கன்று அதற்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்த டீசல் தாங்கியை நெடுக்காகப் பிளந்து, கழுவி, வெயிலில் காயப்போட்டு, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருக்கிறார்கள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துருசடிக்குக் கூட்டிப்போய்க் கையைப் பலகையில் வைத்துக் காட்டினார்.

“இஞ்ச பார். பலகை உக்கிப் போச்சு. தண்ணி ஒழுகுது. இதை எழுது பிள்ளை.”

கொப்பியை எடுத்து, குனிந்து நானும் கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக, மெத்தென்று இருந்தது. துருசுப் பலகை உக்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று முதலில் தமிழில் எழுதினேன்.