எவ்வளவு என்பதல்ல, எப்போது: சிறுநீர்க் கசிவுக் குறிப்புகள்

3 மார்ச் 2025, திங்கள்

சிறுநீர்க் கசிவு எத்தனை பேருக்கு இருக்கிறது? கேள்வியை எப்படிக் கேட்கிறோமோ அப்படித்தான் எண்ணிக்கையும் வரும். நார்வேயின் நூர்-துரொண்டலாக் மாவட்டத்தில் 1995–97இல் எபின்கான்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 20 வயதைத் தாண்டிய சுமார் 28,000 பெண்கள் பதில் சொன்னார்கள். ஏதோ ஒரு கசிவு உண்டு என்றவர்கள் 25 சதவீதம். ஓரளவாவது கடுமையாக இருந்து, தொந்தரவும் தருகிறது என்று கணக்கிட்டால் 7 சதவீதம். ஒரே ஊர், ஒரே பெண்கள். வரையறை மட்டும்தான் வேறு.

கசிவு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அழுத்தக் கசிவு: இருமல், தும்மல், குடம் தூக்கும்போது வருவது. 11 சதவீதத்தினருக்கு அவசரக் கசிவு: முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறை சேர்வதற்குள் போய்விடுவது. 36 சதவீதத்தினருக்கு இரண்டும் கலந்தது.

நம் ஓபியில் "யூரின் லீக் ஆகுதா?" என்றால் பெரும்பாலும் தலை இடம் வலமாக ஆடும். "இருமுறப்போ உள்பாவாடை நனையுதாம்மா?" என்றால் பதில் மாறும். வார்டுக் கணக்கில் வேறொரு ஓட்டை. கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட்டவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. நர்ஸுக்கு வசதி என்று டயப்பர் கட்டப்பட்டவர்களோ கசிவு உள்ளவர்களாகிவிடுகிறார்கள்.

5 மார்ச், புதன்

மருந்துச் சீட்டுக்கு முன்னால் ஒரு நோட்டு. குறைந்தது மூன்று நாள் எழுத வேண்டும். அதில் ஒன்று வேலைக்குப் போகும் நாளாகவும் ஒன்று வீட்டில் இருக்கும் நாளாகவும் இருந்தால் நல்லது. மில்லிலிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று போதும். குடித்தது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, போனது எவ்வளவு, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார். கடைசிக் கேள்விக்கான பதில்தான் வகையைச் சொல்லும்.

நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், ஒரு தடவைக்கு 250–400 மி.லி. என்றால் வழக்கமான அளவு. 80, 100 என்று அடிக்கடி போனால் அவசர வகையை நினைக்கலாம், சிறுநீர்த் தொற்றையும் சேர்த்துத்தான். மொத்தமே மூன்று லிட்டர் என்றால் சிறுநீர்ப்பை மேல் குற்றமில்லை. சர்க்கரையைப் பாருங்கள், காபி டம்ளர்களை எண்ணுங்கள். முதியவருக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால், கால் வீக்கத்தையும் இதயத்தையும் கவனிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் நிறைய. அவர்கள் நோட்டில் கசிவு குறைவாகத் தெரியும். சிறுநீர் மட்டும் அடர் மஞ்சளாக இருக்கும்.

10 மார்ச், திங்கள்

அழுத்தக் கசிவுக்கு முதல் வைத்தியம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, அதாவது சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் தசைக்கான பயிற்சி. 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்டு கெகல் எழுதியதிலிருந்து பரவியது. பலன் இல்லை என்று திரும்பி வருபவர்களைப் படுக்கவைத்துப் பார்த்தால், பலர் தசையைச் சுருக்குவதற்குப் பதில் கீழே முக்கிக்கொண்டிருப்பார்கள். அது கசிவைக் கூட்டும்.

சரியான முறை: நாலு பேர் நடுவில் வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளிழுத்து, அந்த இழுப்பை முன்பக்கமும் கொண்டுவர வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது. 6–8 விநாடி பிடித்து, அதே அளவு ஓய்வு. ஒரு வேளைக்கு எட்டுத் தடவையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தொடக்கத்தில் மூன்று விநாடிதான் பிடிக்க முடிகிறதென்றால் மூன்றே போதும். இருமல் வருவதற்கு முந்திய கணம் இறுக்கிப் பிடிக்கப் பழகினால், தசை வலுப்பெறும் முன்பே சிலருக்குத் துணி நனைவது குறைகிறது.

சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது. பை முழுதாகக் காலியாகாமல் பழகிவிடும்.

பயிற்சியைத் தொடங்கும் முன் மாத்திரைப் பட்டியலையும் பாருங்கள். எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். பிரசோசின் என்ற பிரஷர் மாத்திரை சிறுநீர்த் தாரையின் (பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் வழியின்) வாயைத் தளர்த்தும். பெண்களுக்கு இரண்டுமே கசிவைக் கொண்டுவரலாம்.

14 மார்ச், வெள்ளி

ஆபத்தான குழப்பம் இதுதான். பெரிய பிராஸ்டேட் உள்ளவருக்கோ, நெடுநாள் சர்க்கரையால் நரம்பு மரத்தவருக்கோ பை காலியாவதில்லை, நிரம்பி வழிகிறது. அவரும் "அடிக்கடி போகுது, அடக்க முடியல" என்றுதான் சொல்வார். அவசரக் கசிவு என்று நினைத்து, பையின் சுருக்கத்தைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின் மருந்தைக் கொடுத்தால் பை இன்னும் சோர்ந்து, முழுதாக அடைத்துக்கொள்ளும். முதியவருக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், மனக்குழப்பம் கூடுதல்.

ஆகவே, போய்விட்டு வந்த கையோடு அடிவயிற்று ஸ்கேன். பையில் மிச்சம் 50 மி.லி.க்குள் என்றால் கவலையில்லை. 200ஐத் தாண்டினால் அந்த மருந்தைத் தொடாமல் யூராலஜிக்கு அனுப்ப வேண்டும்.

போய் முடித்து எழுந்தபின் வேட்டியில் நாலு சொட்டு விழுவது வேறு. பெரும்பாலும் தாரையில் தங்கியதுதான். விதைப்பைக்குப் பின்னால் விரலால் அழுத்தி முன்னோக்கி நீவிவிட்டால் வந்துவிடும்.

17 மார்ச், திங்கள்

பை நன்றாக இருந்தும் முட்டி வலியால் எழ நேரமாகிறது, இருட்டில் தாழ்ப்பாள் தெரியவில்லை. இதற்கு மாத்திரை இல்லை. இரவு விளக்கு, கட்டிலருகே கமோடு நாற்காலி, நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், இரண்டு மணிக்கொரு முறை அழைத்துப் போவது.

21 மார்ச், வெள்ளி

கர்ப்பப்பை அறுவைக்குப் பிறகோ, நாள்கணக்கில் இழுத்த பிரசவத்துக்குப் பிறகோ, இரவு பகல் எந்நேரமும் நனைகிறது என்றால் தசையைக் குறை சொல்லாதீர்கள். பையிலோ, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயிலோ ஓட்டை இருக்கலாம். மூன்று பஞ்சு சோதனை எளிது: யோனிக்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று பஞ்சு வைத்து, கதீட்டர் வழியே பையில் மெத்திலின் நீலக் கரைசலை விட்டு, சற்று நடக்கச் சொல்லிவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். உள் பஞ்சு நீலமானால் பையில் ஓட்டை. வெளிப் பஞ்சு மட்டும் நீலமானால் தாரை வழியே கசிந்தது. உள் பஞ்சு நனைந்து நீலமில்லாமல் இருந்தால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் கசிவு. தாமதித்தால் அந்தப் பக்கச் சிறுநீரகம் கெடும், உடனே சிடி யூரோகிராம் (சிறுநீர் வரும் வழியைக் காட்டும் ஸ்கேன்) எடுக்க வேண்டும்.