வாசிகசாலைக்கு வராதவர்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஏழு வருடம் களப் பணியாளராக வேலை செய்தேன். மாதர் சங்கங்களோடு இருந்து, அரசாங்க உதவி போய்ச் சேராத வீடுகளைத் தேடிப் பிடித்து, அவர்களையே ஒன்றாகச் சேர்ந்து கேட்க வைப்பதுதான் வேலை. கேட்க வைப்பது என்று சொல்கிறேன். ஆனால் நெடுநாளாக நான் அவர்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு என்பது 2023 இல்தான் எனக்கு உறைத்தது.

அந்த வருட நடுப்பகுதியில் அஸ்வெசும பட்டியல் வந்தது. வறிய குடும்பங்களுக்கென்று அரசாங்கம் 1995 இல் தொடங்கிய சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த புதிய திட்டம் அது. அப்போது நான்கு பிரிவு, மாதம் 2,500 ரூபாயில் இருந்து 15,000 வரை. வருடக்கணக்காகச் சமுர்த்தி முத்திரை வைத்திருந்த பலருடைய பெயர் அதில் இல்லை. வாசிகசாலையில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் மேசையைப் போட்டு இருந்து, மேன்முறையீட்டோடு வைக்க ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் நாற்பதுக்கு மேல். கை வலித்தாலும் மனம் நிறைந்திருந்தது.

கடிதங்களைப் பிரதேச செயலகக் கந்தோரில் வாங்கின உத்தியோகத்தர் நாலைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே ஆளின்ர எழுத்தாக் கிடக்கு" என்றார். அவர் சொன்னது சரி. கணவர் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள், வருமானம் போதாது. நாற்பது பேரின் சீவியத்தை மூன்று வரிக்குள் அடக்கியிருந்தேன்.

அதைவிடப் பெரிய பிழையைக் காட்டித்தந்தவர், மேற்கு அந்தத்தில் இருக்கும் ஒரு பெரியவர். "அங்கால வாசிகசாலையில கூட்டம் வைச்சா எங்கட பெண்டுகள் வருவினமோ பிள்ளை?" என்று கேட்டார். அவர் 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தில் இளைஞனாக நடந்தவர். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. ஆனாலும் தேத்தண்ணிக் கடைக்குள் இருந்து குடிக்க அதற்குப் பிறகும் போராடத்தான் வேண்டியிருந்தது. "நாங்கள் ஆரையும் எழுதித் தாங்கோ எண்டு கேக்கேல்லை. கடைக்குள்ள போய் இருந்தம்" என்றார். ஊர்க் கூட்டம் என்று நான் அறிக்கையில் எழுதி அனுப்பிய எத்தனையோ கூட்டங்களில் பாதி ஊர் இருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

அப்புறம் கூட்டத்தை அந்தப் பக்கத்துப் பூவரச மரத்தடிக்கு மாற்றினோம். நாளையும் மாற்றினோம். செவ்வாய்க்கிழமை நுண்கடன் தவணை கட்டும் நாள். அன்றைக்குக் காசு தேடி ஓடுகிறவர்களுக்குக் கூட்டத்துக்கு வர எங்கே நேரம்? வெள்ளி பின்னேரம், பாய் விரித்து, பிளேன்ரீயும் பனங்கட்டியும் வைத்து, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: கணக்கெடுக்க வந்தவர் உங்களிடம் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள்?

இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு அக்கா, முற்றத்தில் நின்ற தம்பியின் மோட்டார் சைக்கிளும் தன் பெயரில் பதியப்பட்டிருக்குமோ என்று இத்தனை நாளும் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இன்னொருவருக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு. 550,000 ரூபாய் கொடுத்தார்கள். அது போதாமல் தாலிக்கொடியை அடகு வைத்துக் கூரை போட்டவர். படலைக்கு வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது கல்வீடு. உள்ளே வந்து பார்த்தால் பூசாத சுவரும் அடகு ரசீதும்தான். "எனக்கும் உப்பிடித்தான்" என்று ஒரு குரல், பிறகு இன்னொன்று. தன் தலைவிதி என்று தனித்தனியே விழுங்கிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் பொதுவான குறை என்று அந்தப் பாயில்தான் தெரிந்தது. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்தால் வறுமையை அளக்கும் திட்டத்தில், கடன் எங்கே எழுதப்பட்டது என்ற கேள்வியைக் கேட்டதும் அவர்கள்தான். எனக்கு அது தோன்றவேயில்லை.

பதினொரு பேர் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். இந்தமுறை நான் ஒன்றும் எழுதவில்லை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு விசயங்களை மட்டும் மரத்தடியில் சொல்லியிருந்தேன். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு பதில்கள் வந்தன. சிலருக்குப் பணம் கிடைத்தது, சிலருக்கு இன்னும் இல்லை. மரத்தடிக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. நான் வேலையை விட்ட பிறகும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கிறது.

அந்தப் பதினொரு பேரும் போன அன்றைக்குக் கந்தோரில் எழுபது வயது கடந்த ஒரு ஆச்சி, சொப்பிங் பையில் இருந்து அடையாள அட்டை, குடும்ப அட்டை, பழைய சமுர்த்தி முத்திரை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். தன் பெயர் ஏன் இல்லை என்பதை நின்றபடியே சொல்லிக் கேட்டார். இளம் உத்தியோகத்தர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருத்தி, அவர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டினார். "உதவி கோரி" என்ற இடம் வந்ததும் ஆச்சி கையை உயர்த்தினார்.

"தம்பி, நான் உதவி கேக்கேல்லை. ஏன் இல்லையெண்டு கேக்கிறன். அப்பிடி எழுதுங்கோ."

அவர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு "காரணம் கோரி" என்று எழுதினார். ஆச்சி பெருவிரலை மையில் வைத்தார்.