சந்நிதியிலயிருந்து கதிர்காமம் மட்டும்

மே 12
விடியவே தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய், கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போற பெரியப்பா ஆக்களை வழியனுப்பிப்போட்டு வந்தன். காவி வேட்டி, தோளில ஒரு பை, கையில தடி, அவ்வளவுதான். முன்னுக்கு வேல் போகும், பின்னால சாமிமார். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில் எண்டு கிழக்குக் கரையால நடந்து கதிர்காமக் கொடியேத்தத்துக்குப் போய்ச் சேர ஒண்டரை மாசத்துக்கு மேல செல்லும். எங்கட சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் எண்டு சும்மா சொல்லேல்லை, அங்கயும் இஞ்சயும் பூசை செய்யிறவை வாயைத் துணியால கட்டித்தான் பூசை. பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து கும்பிட்டவ, அவவுக்கு முழங்கால் ஏலாது, தீர்த்தத்துக்கு மகனோட வானில போறாவாம்.

மே 21
முல்லைத்தீவில வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிச்சு வெளிக்கிட்டிட்டினமாம். இரவில கோயில் மண்டபம், இல்லாட்டி மரத்தடி. சாப்பாடு ஊர்ச்சனம் குடுக்கிறது. வழியில பேர் சொல்லிக் கூப்பிடுறதில்லை, டொக்டரும் கூலியாளும் எல்லாரும் சாமிதான் எண்டு பெரியப்பா போனில சொல்லேக்க எனக்குக் கண் கலங்கிட்டு.

ஜூன் 16
மட்டக்களப்பு தாண்டியாச்சு, ஊருக்கு ஊர் ஆக்கள் வந்து சேருகினமாம். சந்நிதியிலயிருந்து நடந்தாத்தான் யாத்திரை, காட்டுப்பாதை தொடங்கிற உகந்தையில வந்து சேருறவை சுத்திப்பாக்க வாறவை எண்டு கொஞ்சப்பேர் கதைக்கினம், எனக்கு அது பிடிக்கவே இல்லை. நாட்கூலிக்குப் போறவன் ஒரு கிழமை வேலையை விட்டிட்டு வாறதே பெரிய நேர்த்தி, வயல் வெட்டு, பிள்ளையின்ர சோதினை, வருத்தக்கார அம்மா எண்டு ஆளுக்கொரு கட்டு இருக்கு, அதுக்குள்ளயும் வருகினமே!

ஜூன் 30
நானும் பஸ்ஸில மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, பொத்துவில் எண்டு மாறி மாறி உகந்தை வந்திட்டன். காட்டுப்பாதை வருசத்தில இந்தக் கொஞ்ச நாள்தான் திறப்பினம். இனிக் குமண, யால காடுகள், யானையும் கரடியும் திரியிற இடம், அதால தனிய ஒருத்தரும் போறேல்லை, கூட்டமாத்தான். சிங்களச் சனமும் நிறைய, அவையளும் அரோகரா எண்டுதான் நடக்கினம். பெரியப்பாவின்ர பாதம் வெடிச்சுப்போய்க் கிடக்கு, எண்ணெய் பூசிவிட்டன்.

ஜூலை 4
கும்புக்கன் ஆறு கடந்து, வெயிலில வெந்து, குடிதண்ணியை அளந்து குடிச்சு, பின்னேரம் கதிர்காமத்து மாணிக்க கங்கையில இறங்கினம். மாத்தறைப் பக்கத்தால பஸ்ஸில வந்த ஒரு குடும்பம் எங்களைக் கண்டதும் பெரியப்பாவின்ர காலைத் தொட்டுக் கும்பிட்டுது, அவர் பதறிப்போய் அந்தச் சின்னப் பெடியனைத் தூக்கித் தோளில வைச்சுக்கொண்டு கோயில் வீதிக்குப் போயிட்டார். கொடியேத்தம் பாத்திட்டு நான் பஸ் எடுப்பன், அவர் தீர்த்தம் மட்டும் நிப்பார், ஆச்சியின்ர வானில திரும்பிறதாப் பிளான்.