பதினைந்து வகுப்புகளும் ஒரு குமிழித் தூம்பும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிமுறையில், படிக்கும் பொறியியல் மாணவர்கள் முதல் பருவத்தில் ‘தமிழர் மரபு’, இரண்டாம் பருவத்தில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என இரண்டு தாள்களைப் படித்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட். ஐந்து அலகுகள், அலகுக்கு மூன்று வகுப்புகள், ஆக மொத்தம் 15 வகுப்புகள். முதல் தாளின் இரண்டாம் அலகைப் புரட்டினால் நடுகல், ஐம்பொன் சிலைகள், தேர் செய்யும் கலை, சுடுமண் சிற்பங்கள், கன்னியாகுமரியின் திருவள்ளுவர் சிலை, மிருதங்கம், பறை, வீணை, யாழ், நாதஸ்வரம் ஆகிய கருவிகளின் உருவாக்கம், கோயில்களின் சமூகப் பங்கு என்று நீண்டுகொண்டே போகிறது. இவ்வளவையும் மூன்றே வகுப்புகளில் நடத்தி முடிக்க வேண்டும் என்றால், பட்டியலை வாசித்துக் காட்டுவதைத் தவிர ஆசிரியருக்கு வேறு வழியில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாய்ம இயக்கவியல், அதாவது நீர் போன்றவை ஓடும் விதத்தைப் பற்றிய பாடம், நடத்துபவன் நான். கல்லூரியின் நுண்கலை மன்றப் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், இந்தத் தாள்கள் மாணவர்களிடம் என்னவாக மாறுகின்றன என்பதை அருகிலிருந்து பார்க்க முடிகிறது. பெரும்பாலும் அவை இரண்டு மதிப்பெண் வினா விடைகளாக மாறுகின்றன. வாட்ஸாப்பில் சுற்றும் முப்பது பக்கப் பி.டி.எஃப். ஒன்றைத் தேர்வுக்கு முந்தைய இரவில் படித்துவிட்டு, மறுநாள் மதியமே மறந்துவிடுகிறார்கள். இதற்காக மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர் விழுந்துவிடுமோ என்ற கவலையில் இருப்பவருக்கு ஒரு கிரெடிட் தாள் எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

ஆனால் இரண்டாம் தாளின் நான்காம் அலகில் ‘சோழர்காலக் குமிழித் தூம்பின் முக்கியத்துவம்’ என்று ஒரு வரி இருக்கிறது. குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய மதகுதான் தூம்பு. அந்த ஒரு வரிக்காகவே பாடத்திட்டத்தை வகுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். எங்கள் மாவட்டத்தில் கண்மாய்க்கும் குளத்துக்கும் பஞ்சமில்லை. தூம்பு அமைத்துக் கொடுத்தவர்களைப் பற்றிய கல்வெட்டுகளுக்கும் பஞ்சமில்லை. கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு மாணவர்களை அழைத்துக்கொண்டு போனால், சீமைக்கருவேலம் புதருக்கு நடுவே, கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் குளத்தின் உள்ளே, இரண்டு உயரமான கல்தூண்கள் நிற்பதைக் காட்டலாம். தூண்களைக் குறுக்குக் கற்கள் இணைத்திருக்கும். அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு துளை, அதுதான் நீரோடித் துளை. அதில் பொருந்தி உட்காரும் குமிழை மேலே தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாக வயலுக்குச் செல்லும். தொட்டியின் பக்கவாட்டில், தரையை ஒட்டியபடி இருக்கும் சிறிய துளைகள் சேறோடித் துளைகள். தண்ணீரோடு வண்டலையும் இழுத்துச் செல்வது அவற்றின் வேலை.

இந்த இடத்தில்தான் பாடம் உயிர் பெறுகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு துளையின் வழியே எவ்வளவு தண்ணீர் வெளியேறும் என்ற கணக்கை மாணவர்கள் அடுத்த ஆண்டு என் ஆய்வகத்தில் செய்யப்போகிறார்கள். நீரின் ஆழம் நான்கு மடங்கானால் வெளியேறும் அளவு இரண்டு மடங்குதான் ஆகும் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். குளத்துக்குள் நின்று சொன்னால், நிறைகுளத்திலும் அரைக்குளத்திலும் குமிழை ஒரே அளவு தூக்கினால் போதுமா என்று அவர்களே கேட்கிறார்கள். ஒரு மாணவி இன்னும் ஒரு படி மேலே போனார். குளம் முழுவதிலும் படிந்த வண்டலை இந்தச் சிறு துளைகளா வெளியேற்றும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. துளையிலிருந்து விலக விலக நீரின் வேகம் வெகு விரைவில் குறைந்துவிடுவதால், துளைக்கு அருகில் இருக்கும் வண்டல் மட்டுமே இழுபடும். மற்றபடி குளத்தைத் தூர்வாரித்தான் ஆகவேண்டும். முன்னோர் சாதனை என்று பரப்பப்படும் பதிவுகளில் இந்த வேறுபாடு வருவதில்லை. பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்ளும் மரபுப் பாடத்தை விட, அதைச் சோதித்துப் பார்க்கும் மரபுப் பாடமே பொறியியல் மாணவருக்குத் தகும் என்பது என் உறுதியான எண்ணம்.

கலை நிகழ்ச்சிகளுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன். டெல்லி ஐ.ஐ.டி.யின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் கிரண் சேத் 1977இல் தொடங்கிய ஸ்பிக் மெக்கே இயக்கம், கச்சேரியை விளக்கவுரையோடு மாணவர்கள் முன் கொண்டுவருவதை வழக்கமாக்கியது. அரங்கில் கலைஞர் வாசிப்பார், நிறுத்துவார், விளக்குவார், கேள்விக்குப் பதில் சொல்வார். எங்கள் மன்றமும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. ஒருமுறை வந்திருந்த மிருதங்க வித்வான், வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின், நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணையை எப்படி இடுகிறார்கள் என்பதை விவரித்தார். கல்பொடியைச் சோற்றுப் பசையோடு குழைத்துத் துளித்துளியாக வைத்து, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். சாதாரண முரசின் தோலில் எழும் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. இந்தக் கரணையின் எடை அவற்றை இசைய வைக்கிறது. சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் எழுதிய கட்டுரைகளில் ஆராய்ந்தது இதைத்தான். அந்த மாலைக்குப் பிறகு, அதிர்வுகள் பற்றிய பாடத்தில் எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் சிலர், கைப்பேசியில் பதிவு செய்த மிருதங்க ஒலியைக் கணினியில் அலைவெண்களாகப் பிரித்துக் காட்ட வந்தார்கள். நான் செய்யச் சொல்லவே இல்லை.

ஆண்டுதோறும் நடக்கும் கல்ச்சுரல்ஸ் விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதை மாணவர்களே நடத்துகிறார்கள், நன்றாகவே நடத்துகிறார்கள். ஆசிரியர்கள் ஒதுங்கி நிற்பதே அதற்குச் செய்யும் உதவி. எனக்கு ஒவ்வாதது வேறொன்று. பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, அரை மணி நேர வரவேற்புரைக்குப் பின் சிறப்பு விருந்தினரைப் பத்து நிமிடம் பேசவைத்து, வருகைப் பதிவுக்காக உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரைப் புகைப்படம் எடுத்து, அங்கீகாரக் குழுவுக்கான கோப்பில் சேர்த்துவிடுகிறோம். பண்பாட்டு நிகழ்ச்சி என்ற தலைப்பில் அது கணக்கில் ஏறிவிடுகிறது.

அடுத்த பருவத்துக்குக் கால அட்டவணைக் குழுவிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். நான்காம் அலகின் மூன்று வகுப்புகளை மூன்று வாரங்களுக்குப் பிரித்துப் போடாமல், ஒரு சனிக்கிழமைக் காலையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கல்லூரிப் பேருந்து ஒன்றும் வேண்டும். டீசல் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். ‘ஆய்வகம்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.