ஏற்காடு போகும்போது வயிறும் காலும்

சேலத்திலிருந்து மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். பூரி, பொங்கல் என்று முட்டத் தின்றுவிட்டு வண்டியேறினால் பாதி மலையிலேயே குமட்டும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு 2 இட்லி போதும். முன் சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள், போனை அல்ல.

ஏரிக்கரைக் குளிருக்கு மிளகாய் பஜ்ஜி இழுக்கும். ஆளுக்கு ஒன்று சரி, அதற்குமேல் நெஞ்செரிச்சல்தான். சேலம் திரும்பியபின் தட்டுவடை செட் தேவலை, இரண்டு தட்டைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவலாவது உண்டு (தட்டை எண்ணெயில் பொரித்ததுதான், மறக்க வேண்டாம்).

கிளியூர் அருவிக்கு இறங்குவது சுலபம், திரும்ப ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம், காலையிலேயே போங்கள். செருப்பு வழுக்கும், ஷூ அவசியம். முட்டிவலிக்காரர்களுக்கு ஏரியோர நடை அரை மணி நேரம் போதும்.