திங்கள், புதன், சனி இரவுகள்

டிசம்பர் 17, 2025, புதன்

இவர் இன்று காலை கடலுக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் போகும். காலையில் போனால் மறுநாள் விடிந்துதான் கரை திரும்பும். கல்யாணமாகித் தங்கச்சிமடம் வந்த புதிதில் அந்த மூன்று இரவும் எனக்குத் தூக்கமே வராது. வாடைக்காற்றில் தென்னங்கீற்று உரசினால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இப்போது எனக்கு வயிற்றில் ஆறாவது மாதம். அந்த மூன்று இரவும் படிக்கிற இரவாகிவிட்டது.

கிளை நூலகத்தில் ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பு எடுத்து வந்திருந்தேன். தையல் விட்டுப்போன புத்தகம். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் திருப்பித் தரவேண்டிய தேதிகள் ஊதா மையில் வரிசையாக இருக்கின்றன. முதல் தேதி 1998. நடுவில் ஆறு வருஷம் யாருமே எடுக்கவில்லை. மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். "ஏத்தா, எனக்கும் கேக்குற மாதிரிதான் படியேன்" என்றார் அத்தை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றிலிருந்து சத்தம் போட்டுத்தான் படிக்கிறேன்.

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பார். இன்று படித்த கதையில் மருமகள் ஊரை விட்டு ரயில் ஏறுகிற இடம் வந்தது. ஒரு காம்பை விரலிடுக்கில் பிடித்தவர், அதை உருவாமல் பக்கம் முடிகிறவரை அப்படியே இருந்தார். "அவ திரும்பி வருவாளா, மாட்டாளா?" கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றேன். நம்பவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். அவருக்கு எழுத்து தெரியாவிட்டாலும், அங்கே பெரிய எழுத்தில் வேறு தலைப்பு இருப்பது தெரிந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கீரையை எடுத்தார்.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று இவர் வீட்டில். சாயங்காலம் இராமேஸ்வரம் கோயிலுக்குப் போனோம். வெள்ளிக்கிழமை அம்பாள் தங்கப் பல்லக்கில் பிராகாரம் சுற்றி வருவாள். போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. கையில் எதுவும் இல்லாதபோது காது நன்றாகத் திறந்துகொள்கிறது.

மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள். நாதஸ்வரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் அந்தத் தூண்களுக்கிடையில் புறப்பட்டு வந்துவிடும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. வாசிப்பவர் பக்கத்தில் வந்ததும்தான், ஓ, இது ஒரு மனுஷருடைய மூச்சு என்று தோன்றும். ஒரு நீளமான சங்கதி முடிந்து, ஊதுவதற்கு வாயில் வைக்கிற சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். உதட்டில் அது பதிந்திருந்த இடம் வெளுத்திருந்தது. நாதஸ்வரத்திலிருந்து தொங்கிய கயிற்றில் மாற்றுச் சீவாளிகள் இரண்டு மூன்று, கூடவே ஒரு சின்ன ஊசி. ஒன்றை எடுத்து நாக்கில் நனைத்து மாட்டினார். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டி, தவிலின் வலது பக்கமான வலந்தலையில் பொழிந்துகொண்டிருந்தார். இடது கைக் குச்சி இடது பக்கமான தொப்பியில் விழும்போதெல்லாம் என் பாதத்துக்குக் கீழே கல் அதிர்வது போலிருந்தது.

என் அப்பாவுக்கு இராமநாதபுரம்தான் ஊர். "நம்ம சேதுபதி சமஸ்தானத்துல பூச்சி ஐயங்கார் பாடினாரு. பாட்டுல பெரிய வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கே அவருதான் குரு" என்று சின்ன வயதில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அப்போது ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். இன்று அந்தப் பெருமை எனக்கே வந்தது.

பல்லக்கு நெருங்கியதும் நாலைந்து தூண் தள்ளி நின்றுகொண்டேன். அவ்வளவு பெரிய சத்தத்தின் பக்கத்திலேயே வெகு நேரம் நிற்பது வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதில்லை. உள்ளே ஏதாவது அசையுமா என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. பிள்ளை தூங்கியிருக்கும்.

டிசம்பர் 23, செவ்வாய்

எங்கள் தெருவில் பாதிக்குமேல் வேதக்கார வீடுகள், கிறிஸ்தவர்கள். ராத்திரி பத்து மணிக்குப் பாட்டுக்காரப் பிள்ளைகள் ஒரு டிரம்மும் கிதாருமாக வந்தார்கள். அத்தை முறுக்கு கொடுத்தார். "அக்காவுக்காக ஒண்ணு மெதுவா பாடுறோம்" என்று ஒரு பெண் சொல்லி, டிரம்மை நிறுத்திவிட்டுப் பாடினாள். பத்து வயதுகூட இருக்காது.

டிசம்பர் 30, செவ்வாய்

பரிசோதனைக்கு இராமநாதபுரம். இப்போதெல்லாம் பஸ்ஸில் படித்தால் குமட்டுகிறது, ரயிலில் அந்தத் தொந்தரவு இல்லை. அதனால் இராமேஸ்வரம் போய் ரயிலிலேயே போனோம். பாம்பன் பாலம் வந்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய பாலம் துருவேறி நிற்கிறது. ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். இரண்டும் இன்று இரண்டு நிறம்.

கோயிலில் பிள்ளை அசையவில்லையே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஐந்தாவது மாதவாக்கில் காது கேட்கத் தொடங்கும், ஆனால் சத்தத்துக்குத் துள்ளுவதெல்லாம் ஆறு மாதம் முடியும்போதுதான் என்றார். வெளிச்சத்தம் உள்ளே மங்கலாகத்தான் போகுமாம். கீச்சென்ற சத்தத்தைவிடத் தணிந்த சத்தம் நன்றாகப் போகுமாம். அம்மாவின் குரல் மட்டும் உடம்பு வழியாகவே போய்ச் சேருமாம். அத்தையின் ஆசைக்காகப் படித்ததை இத்தனை நாளாக இன்னொருவரும் கேட்டிருக்கிறார்! திரும்பி வரும்போது ஒரு கதையை மெதுவான குரலில், முழுசாக, பிள்ளைக்கு என்றே படித்தேன். எதிரில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஜனவரி 6, 2026, செவ்வாய்

இன்றைய காலையை மறக்கவே மாட்டேன்.

வடகடல் ஓரம் கரைவலை இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அத்தை என்னைக் கூட்டிப்போனார். அவருடைய அப்பா கரைவலைக்காரர். பனங்காட்டுக்குள் புகுந்து நடந்தோம். இரண்டு கயிறு, இரண்டு அணி. முதலில் வெகு தூரம் தள்ளித் தள்ளி நின்று இழுக்கிறார்கள். வலை கரைக்கு வர வர இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்குகிறது. பெரும்பாலும் பேசாமல்தான் இழுத்தார்கள். வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அம்பா என்று பேர்; இப்போது அம்பா பாடுகிற ஆள் குறைந்துவிட்டது என்றார் அத்தை. அப்புறம் அவரே ஒரு பெரியவரைப் பார்த்து, "அண்ணே, ஒரு அம்பா போடுங்க. பிள்ளத்தாச்சி கேக்க வந்திருக்கா" என்றார்.

பெரியவர் சிரித்துவிட்டு, கடலைப் பார்த்தபடியே ஓர் அடி எடுத்துக் கொடுத்தார். மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கினார்கள். அவர் பாடும்போது கை தளரும், அவர்கள் வாங்கும்போது கயிறு இறுகும். குதிகால் மணலில் குழி பறிக்கும். வலை நெருங்கியதும் பாட்டும் வேகமெடுத்தது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, கயிற்றைத் தொடாமலேயே, அவர்களோடு சேர்ந்து வாங்க ஆரம்பித்தார். தணிந்த, கரகரத்த குரல். இத்தனை வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் பிள்ளை விலாப்பக்கம் ஓங்கி ஒரு உதை விட்டது. பாட்டுக்குத்தான் என்று நம்புகிறேன்.

மீன் அதிகமில்லை. காரல்தான் கொஞ்சம். பெரியவர் எங்களுக்கு இரண்டு கை அள்ளிக் கொடுத்தார். ரசம் வைத்தோம்.

ஜனவரி 25, ஞாயிறு

வளைகாப்பு. மார்கழியில் வேண்டாம் என்று தைக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஐந்து வகைச் சாதம். எதிர்வீட்டுச் சிறுமி வந்து பாடினாள், ஆனால் வெட்கத்தில் பாதியில் நிறுத்திவிட்டாள். பக்கம் திருப்பும்போதெல்லாம் வளையல் குலுங்குகிறது. அதுவும் உள்ளே கேட்டுக்கொண்டிருக்கும்.

பிப்ரவரி 2, திங்கள்

அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இவர் கடலில், அத்தை அங்கே தனியாக. புத்தகத்தில் இன்னும் நாலு கதை பாக்கி. நூலகத்தில் சொல்லித் தவணையைப் புதுப்பித்து, கையோடு கொண்டுவந்திருந்தேன்.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"ஏத்தா, கீரையை எடுத்து வச்சுட்டேன். படி."

ஒரு கதை முழுக்கப் படித்தேன். நடுவில் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கை நின்றிருக்கும். முடிந்த பிறகு, "நீங்களும் ஒரு பாட்டுப் பாடுங்களேன் அத்தை, வயித்துகிட்ட போனை வைக்கிறேன்" என்றேன்.

"போன்ல எல்லாம் வராது தாயி. மாசிக் கடைசில அங்க வந்து பக்கத்துல உக்காந்து பாடுறேன். இப்ப அடுத்த கதையோட பேரை மட்டும் சொல்லு."

சொன்னேன்.