ஃப்ளூ ஊசிப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கொழும்பில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது ஐந்து நிமிட வேலை. பருவத்துக்குரிய ஊசியை வேளைக்குத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. 2024 மே மாதத்தில் எங்கள் அலுவலக ஊழியர்களுக்கு இதை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த எரிச்சல் இன்னும் முழுவதாக அடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு சிறிய கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறோம். மார்ச் 31 உடன் நிதியாண்டை முடிக்கும் கம்பனிகளின் வேலை ஏப்ரலுக்குப் பின் எங்களிடம் குவியும். வருமான வரி விபரத்திரட்டுகள் நவம்பர் 30 இற்குள் போய்ச் சேரவேண்டும். இலங்கையில் ஃப்ளூ எனப்படும் இன்ஃபுளுவன்சா தலைதூக்குவதும் ஏறத்தாழ இதே காலங்களில்தான்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒருமுறை, நவம்பர் முதல் ஜனவரி வரை மறுமுறை. ஜன்னல் திறக்க முடியாத, குளிரூட்டி நாள் முழுவதும் ஓடுகின்ற அறையில், ஒருவருடைய கோப்பில் மற்றவருடைய முழங்கை இடிபடும் நெருக்கத்தில் நாங்கள் இருப்பது அந்த மாதங்களில்தான்.

அம்முறை எல்லாவற்றையும் தொடக்கிவைத்தவர் எங்கள் பிரிவின் சிரேஷ்ட உதவியாளர். காய்ச்சல் கண்டதும் கொழும்பில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்; டெங்கு என்ற பயத்தில் இரத்தப் பரிசோதனைக்கு ஓடினார். பிளேட்லெட் எண்ணிக்கை குறையவில்லை, டெங்கு இல்லை என்றதும் மனம் ஆறி, இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு, தொண்டை கரகரக்க மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். டெங்கு நுளம்பு இல்லாமல் பரவாது. இன்ஃபுளுவன்சாவுக்கு இருமல் ஒன்றே போதும். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே தொடங்கி, அதன்பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை நோயாளி பிறருக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். டெங்கு இல்லை என்ற அறிக்கையை வேலைக்குத் திரும்புவதற்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளும் இந்த வழக்கத்தால் அடுத்த வாரம் எங்கள் வரிசையில் பாதி மேசைகள் வெறுமையாயின.

அவரை மட்டும் குறைசொல்லவும் முடியாது. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடத்துக்குக் கிடைக்கும் கெஷுவல் லீவு 7 நாட்கள். சொந்த அலுவலும் சுகவீனமும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கும் ஊரில் நடக்கும் செத்தவீட்டுக்கும் ஒதுக்கிவைத்திருக்கும் லீவைத் தடிமனுக்காக யார் செலவழிப்பார்கள்?

முகாமையாளர் லீவைப் பற்றிப் பேச விரும்பவில்லை. எல்லோருக்கும் ஊசி போட்டுவிடலாம் என்றார். தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாதபடியால் தனியாரிடம் காசு கொடுத்தே போடவேண்டும். காப்புறுதி நிறுவனத்தைக் கேட்டேன். நோய் வந்த பின் என்றால் தருவோம், வருமுன் காப்பதற்குத் தரமாட்டோம் என்பதே பதிலின் சாரம். ஆகவே செலவை அலுவலகமே ஏற்றது.

அடுத்தது ஒரு தனியார் வைத்தியசாலை. தொலைபேசியில் "இருக்கு, வாங்கோ" என்றார்கள். மதிய இடைவேளையில் சக ஊழியர்களை முச்சக்கர வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனால், ஒவ்வொருவரும் முதலில் வைத்தியரைச் சனல் செய்யவேண்டும், அதாவது காசு கட்டி அவரைப் பார்க்கப் பதியவேண்டும் என்று கரும பீடத்தில் இருந்த பெண் சொன்னார். தொலைபேசியில் யாரும் சொல்லாத கட்டணம் அது. கட்டினோம், காத்திருந்தோம். வைத்தியர் ஆளுக்கு ஒரு நிமிடம் பார்த்துக் கையொப்பமிட்டார். பின் தாதி குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தபோது, அதன் அட்டைப் பெட்டியைக் காட்டுமாறு கேட்டேன். "வட அரைக்கோளம் 2023/2024" என்று அச்சிடப்பட்டிருந்தது. காலாவதி ஜூன் மாதம்.

இது அற்ப விடயம் என்று நினைப்பவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். இந்த வைரஸ் ஓயாமல் உருமாறுவதால், தடுப்பூசியில் எவ்வெவற்றைச் சேர்க்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை பரிந்துரைக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பெப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டெம்பரில். இலங்கை வட அரைக்கோளத்தில் இருந்தாலும், மே மாதத்தில் கிடைக்கக்கூடிய புதிய ஊசி தென் அரைக்கோளத்துக்கானதே. முட்டையில் வளர்த்துத் தயாரிக்கும் ஊசிகளைப் பொறுத்தவரை, எனக்குக் காட்டிய பெட்டியில் எச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸ் வகைக்காக இருந்த திரிபு ஏ/டார்வின்/9/2021. 2024 தென் அரைக்கோள ஊசிக்கு அதை மாற்றி ஏ/தாய்லாந்து/8/2022 என்று முந்திய செப்டெம்பரிலேயே அறிவித்திருந்தார்கள். பழைய ஊசி பயனற்றது என்று சொல்லமாட்டேன். வேறு எதுவும் கிடைக்காவிட்டால், காலாவதியாகாத பழையதும் நல்லதே. ஆனால், புதியதற்குரிய விலையை வாங்கிக்கொண்டு, கேட்டால் "எல்லா ஃப்ளூ ஊசியும் ஒன்றுதான் மிஸ்" என்று சமாளிப்பதை ஏற்க முடியவில்லை. நீண்ட வாதத்துக்குப் பின் ஊசிப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். சனல் கட்டணம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு ஒரு மருந்துக்கடையில் தென் அரைக்கோள ஊசி இருந்தது. இருந்தென்ன, பொலித்தீன் பையில் போட்டுக் கையில் நீட்டினார்கள். 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்கவேண்டிய பொருளை மே மாத வெயிலில் காலி வீதி நெரிசலுக்குள் கொண்டுபோகச் சொன்னவரிடம் ஐஸ் பெட்டி கேட்டேன், சிரித்தார். வாங்காமல் திரும்பினேன்.

வழி காட்டியவர் வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கடையின் மருந்தாளர். அலுவலகத்துக்கென்று மொத்தமாக எடுப்பதானால் இறக்குமதியாளரின் விநியோகப் பிரிவையே நேரடியாகக் கேளுங்கள், தாதியையும் அனுப்புவார்கள் என்றார். அவர்களிடம் பருவத்தையும் காலாவதித் திகதியையும் மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டுப் பெற்றேன். குளிர்ப்பெட்டியோடு தாதி வந்தார், கூட்ட அறையில் எல்லாம் முடிந்தது. இந்த அலைச்சலில் நான் பெருமைப்படக்கூடியது இந்த மின்னஞ்சல் ஒன்றுதான்.

ஊசி வந்த பிறகும் தயங்கியவர்கள் இருந்தார்கள். "தங்கச்சி, ஊசி போட்டால்தான் எனக்குக் காய்ச்சல் வரும், கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சால் காணும்" என்றார் கணக்குப் பிரிவு அக்கா. இவ்வூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, ஆகவே அதனால் ஃப்ளூ வரமுடியாது. ஓரிரு நாள் கை நோவும் இலேசான உடற்சூடும் வரலாம். எதிர்ப்புச்சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும் என்பதால், அந்த இடைவெளியில் நோய் தொற்றியவர்கள் ஊசியின் மேல் பழியைப் போடுவதும் இயல்பே. கர்ப்பிணியாக இருந்த இன்னொருவர் பயந்து ஒதுங்கினார். உலக சுகாதார நிறுவனம் 2012 இலேயே கர்ப்பிணிகளை முன்னுரிமைப் பட்டியலின் மேலே வைத்தது என்பதைத் தாதி சொல்ல, தன் வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் பிறகு போட்டுக்கொண்டார். அக்கா கடைசிவரை மசியவில்லை. வற்புறுத்துவது என் வேலையும் அன்று.

முகாமையாளரிடம் மீண்டும் லீவுக் கதையைத் தொடக்கினேன். நன்கு பொருந்திய வருடங்களில்கூட, ஃப்ளூவுக்காக வைத்தியரிடம் போகவேண்டிய நிலையை இவ்வூசி 40 முதல் 60 சதவீதமளவிலேயே குறைக்கிறது. மிச்சத்தை ஆட்கள் வீட்டில் இருந்தால்தான் தடுக்கலாம் என்றேன். எண்களோடு பேசினால் கணக்காய்வாளர் காது கொடுப்பார். பனடோல் இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாதிருக்கும் வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம், அது கெஷுவல் லீவில் கழிபடாது என்று சுற்றறிக்கை வந்தது. வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்ற வரியை மனிதவளப் பிரிவு அதில் சேர்க்கப் பார்த்தது. காய்ச்சலோடு ஒருவரை மறுபடியும் சனல் வரிசையில் இருத்துவதா என்று கேட்டு அதை எடுக்க வைத்தேன். அடுத்த முறை ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போகுமுன்பே ஊசி போட்டுவிட வேண்டும் என்பதற்காக, ஓடரை மார்ச் தொடக்கத்திலேயே கொடுக்க ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.